டிவி அணைந்த சந்தோஷம்

மாரமங்கலம் பஸ்ஸுக்காக ஏற்காட்டில் காத்திருந்தேன். சாரல் பிடித்துக்கொண்டதால் பக்கத்து ரேடியோக் கடையில் ஒதுங்கினேன். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர் கடைக்கார பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பாய், நேத்து எங்க டிவி அணைஞ்சு போச்சுங்க. எஞ் சம்சாரம் சந்தோசத்துல அழுதுட்டா!”

“அட, அப்ப ரிமோட்டுக்குக் கோடு நம்பரு கெடச்சிருச்சுங்களா? எல்லா டிவிக்கும் ஆகுற ரிமோட்டுன்னு குடுத்துட்டேன். ஆனா உங்க டிவிக்கு எந்த நம்பருன்னு எனக்கே தெரியலீங்க.”

“எந்த நம்பரைப் போட்டா டிவி அணையுதோ அதுதான் கோடுன்னு சொன்னீங்கல்ல? நான் எஸ்டேட்டுக்குப் போனப்புறம், கால்ல மாவுக்கட்டோட படுத்துக்கிட்டே ஒவ்வொரு நம்பரா அமுக்கிப் பாத்து, அவளே கண்டுபிடிச்சுட்டா.”

“எந்திரிக்க முடியாதவங்களுக்கு நொம்ப ஒத்தாசைங்க.”

“ஆமாங்க. தனியா இருப்பாளேன்னு காலையில டிவியைப் போட்டுட்டுப் போவேன். நான் திரும்பி வர்ற வரைக்கும் அது பாட்டுக்குக் கத்திட்டே கெடக்குமுங்க.”

“இப்ப என்னங்க பாக்குறாங்க?”

ரைட்டர் முகத்தில் வெட்கம் வந்தது.

“எங்கீங்க பாக்குறா! நேத்து சாயங்காலம் நான் ஊட்டுக்குள்ள நொழைஞ்சதும் பட்டுனு அணைச்சுட்டா. ‘இத்தன நாளும் இதையேதான் கேட்டுட்டுக் கெடந்தேன். நீங்க பக்கத்துல வந்து உக்காந்து பேசுங்க’ன்னுட்டா.”

“பேசுனீங்களா?”

“பேசுன பேச்சுல உலை வெக்கவே மறந்துட்டேனுங்க. அப்பறம் ரெண்டு பேருக்கும் பன்னும் காப்பியுந்தான்.”