எங்களைத் தரையில் நிறுத்திய மருத்துவர் அம்மையாருக்கு

நாடித்துடிப்பின் நுண்ணொலியையும் நாவடக்கத்தின் நெடுவலியையும் ஒருங்கே அறிந்தவரே! வானேறத் துடித்தவரை வாசலில் மறித்து, வாய்மையை வாங்கிக்கொண்ட பின்னரே வழிவிட்ட வன்மையரே! கனிந்த பேச்சையும் கடுத்த முடிவையும் ஒரே கையெழுத்தில் காட்டியவரே! இராணுவ விமானிப் பயிற்சிப் பள்ளியின் மருத்துவப் பிரிவை இருபத்தாறு ஆண்டுகள் இமைபோல் காத்த எங்கள் தலைவியே! வணக்கம்.

பணிநிறைவு விழாவில் வாசிக்கும் மடல், "தங்களை அன்போடு நேசித்தோம்" என்று தொடங்குவது வழக்கம். அப்படித் தொடங்கினால் இந்த அரங்கில் முதலில் சிரிப்பவர் தாங்களாகத்தான் இருப்பீர்கள். ஆகவே உள்ளதைச் சொல்கிறோம். தங்களைக் கண்டு நாங்கள் அஞ்சினோம். எந்திரம் அணைவதற்கும் இறக்கையில் பனி உறைவதற்கும் அஞ்சாதவர்கள், தங்கள் காலணிச் சத்தம் தாழ்வாரத்தில் கேட்டால் காலண்டரைப் பார்ப்பதுபோல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டோம். எங்கள் பறப்பை வெட்டுபவர் என்பதால் "கத்தரிக்கோல் வருது" என்று உணவுக்கூடத்தில் கிசுகிசுத்தோம். ஒருநாள் தாங்கள் கட்டுப்போடும் கத்தரிக்கோலையே கொண்டுவந்து எங்கள் மேசை நடுவே வைத்து, "இதத்தானே சொன்னீங்க? யாருக்காவது நகம் வெட்டணுமா?" என்று கேட்டுவிட்டு, சாவகாசமாகத் தேநீர் குடித்தீர்கள். அன்று தேநீரை மேசையிலேயே விட்டு எழுந்தவர்கள் நாங்கள்தான்.

அந்த அச்சம் வேடிக்கையான அச்சம். வேறோர் அச்சம் பின்னால் வந்தது. அதைப் பற்றித்தான் இம்மடல்.

முன்பெல்லாம் தாங்கள் ஒருவரைப் பறக்கத் தகுதியில்லை என்று எழுதினால், அவர் தரையில் நிற்பார். பறப்பதற்கென்று தரும் அலவன்ஸான பறப்புப்படி மட்டும் சில மாதம் வந்துகொண்டிருக்கும். உடல் தேறினால் மறுபடி ஏறுவார். பிறகு சம்பளச் சீராய்வு வந்தது. அடிப்படைச் சம்பளத்தைச் சற்றே உயர்த்தியது. பறப்புப்படியைப் பறப்போடு இறுக்கிக் கட்டியது. தரையில் நிறுத்தப்பட்ட அன்றே படி நின்றுவிடும், அந்தக் காலம் ஓய்வூதியத்திலும் சேராது என்றது. சுற்றறிக்கை ஒட்டப்பட்ட அன்று உணவுக்கூடத்தில் ஒவ்வொருவரும் மனக்கணக்குப் போட்டார்கள். வீட்டுக்கடன் உள்ளவர், பிள்ளையை வெளியூரில் படிக்க வைத்தவர், தங்கைக்குத் திருமணம் பேசிவைத்தவர் எல்லோரும் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரமே தங்கள் அறைக்கு வெளியே இருந்த நீள இருக்கை காலியானது. சளி பிடித்தவர் சளியை விழுங்கினார். முதுகு பிடித்தவர் முன்னைவிட நிமிர்ந்து நடந்தார். காது அடைத்தவர் கேட்காததற்கெல்லாம் தலையாட்டினார். தாங்கள் ஒருநாள் செவிலியரிடம் சொன்னதை அவர் எங்களிடம் பின்னாளில் சொன்னார்: "எல்லாரும் திடீர்னு ஆரோக்கியமாயிட்டாங்க பாத்தியா? எனக்கு இதுதான் நோயாத் தெரியுது."

எங்கள் அன்றைய மூத்த பயிற்றுநரை இந்த அரங்கில் அறியாதவர் இல்லை. முகத்தைவிட மீசை முந்திக்கொண்டு வருவதால் அவர் மீசை. அவருடைய பிள்ளைகளுக்குக்கூட அப்படித்தான். அவரும் அவர் மனைவியும் சம்மதித்த பிறகே அவர்கள் கதையை இங்கே எழுதுகிறோம். முதல் வரைவைப் படித்த மீசை, "என்னப் பத்தி ரொம்ப மரியாதையா எழுதாதீங்கப்பா, செத்தவனப் பத்தி எழுதின மாதிரி இருக்கு" என்றார். திருத்திவிட்டோம்.

ஒரு மாலை, அறையைப் பூட்டிக்கொண்டு தாங்கள் கிளம்பும் நேரத்தில் மீசையின் மனைவி வந்தார். பள்ளியில் கணக்கு ஆசிரியை. கையில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு. இருமலுக்கு மருந்து கேட்டார், ஆனால் ஒருமுறைகூட இருமவில்லை. தாங்கள் கதவைச் சாத்தி உட்காரச் சொன்னீர்கள்.

"டாக்டர், அவரு எழுந்திரிக்கும்போது செவுத்தப் புடிச்சிக்கிறாரு. போன வாரம் குளியலறையில விழுந்துட்டாரு. கண்ண முழிச்சதும், யாருகிட்டயும் மூச்சு விடாதன்னாரு."

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும். நான் சொன்னேன்னு தெரியக் கூடாது டாக்டர். அலவன்ஸ் நின்னா வீடு கைய விட்டுப் போயிடும். ஆனா அவரு காலையில கிளம்பிப் போனதுலருந்து போன் அடிச்சா எடுக்கவே மாட்டேங்கறேன். வகுப்புல கணக்குத் தப்பாப் போடறேன். பசங்க திருத்துறாங்க."

தாங்கள் அவர் கையைப் பிடித்தீர்கள். "உங்க பேரு வராது. நாளைக்குக் காலையில எல்லாப் பயிற்றுநருக்கும் திடீர்ச் சோதனைன்னு போட்டுடறேன். அவரு வரிசையில ஒருத்தரா நிப்பாரு. போதுமா?"

போதுமானதாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மறுநாள் பிற்பகல் காற்று பலக்கும் என்று வானிலைப் பிரிவு எச்சரித்ததால், முதல் பறப்பை விடிந்த கையோடு முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். அந்தத் தகவல் மருத்துவப் பிரிவுக்கு வரவில்லை. இரத்த அழுத்தக் கருவியைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தபோது தங்கள் காதில் எந்திரம் இரைந்தது. யார் பறக்கிறார்கள் என்று தொலைபேசியில் கேட்டீர்கள். பதில் வந்ததும் ரிசீவரைத் திரும்ப வைக்கவுமில்லை. கம்பியில் தொங்கவிட்டுவிட்டு ஓடினீர்கள்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் படிகளில் மூச்சிரைக்க ஏறி வந்த தங்களைப் பார்த்து, கோபுர அதிகாரி எழுந்துவிட்டார்.

"மீசைய இறக்குங்க."

"காரணம் சொல்லுங்க டாக்டர். பதிவு பண்ணணும்."

"காரணம் என் பொறுப்பு. இறக்குங்க முதல்ல!"

வானொலியில் அழைத்தார்கள். "இந்தத் திருப்பம் முடிச்சிட்டு வந்துடறேன்" என்றது மீசையின் குரல், வழக்கமான அலட்சியத்தோடு. பிறகு குரலே இல்லை. மறுபடி அழைத்தார்கள். காற்றின் சரசரப்பு மட்டும் வந்தது. அந்தச் சரசரப்பைக் கேட்டவர்கள் எங்களில் மூவர். இன்றும் வானொலி சற்றே தாமதித்தால் அவர்கள் அடுத்த நொடியே மறுபடி அழைத்துவிடுகிறார்கள்.

பிறகு மெல்லியதாய் ஒரு குரல். அதே விமானத்தில் மீசையின் பக்கத்தில் அமர்ந்து பயின்றுகொண்டிருந்த பெண் விமானி. அவருடைய குரலுக்காகக் கீச்சு என்றே அழைக்கப்பட்டவர். அதுவரை ஒருமுறைகூடத் தனியாக விமானத்தை இறக்காதவர்.

"டவர்... சார் பேச மாட்டேங்கறாரு. எம்மேல சாயறாரு. கன்ட்ரோல் தடி நகர மாட்டேங்குது."

கோபுர அதிகாரி நெறிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் இதற்குப் பக்கம் இல்லை. தாங்கள் ஒலிவாங்கியை வாங்கினீர்கள்.

"நான் டாக்டர் பேசறேன்மா. அவரு நெஞ்சு ஏறி இறங்குதா பாரு."

"ஏறுது மேடம்."

"நல்லது. ஒரு கையால தோளப் பின்னால தள்ளு. தோள் பெல்ட்ட இறுக்கிப் பூட்டு. அவரு கால் பெடல் மேல இருக்கா?"

"ஒரு கால் இருக்கு."

"முட்டியப் புடிச்சு இழுத்து எடுத்துடு. வலிக்குமேன்னு பாக்காத."

முக்கலும் பெல்ட் இழுபடும் சத்தமும் கேட்டன. பிறகு, "தடி வருது மேடம். எனக்குப் பயமா இருக்கு."

எங்களில் யாராயிருந்தாலும், பயப்படாதே என்று சொல்லியிருப்போம். தாங்கள் சொன்னது வேறு. "எனக்கும் கை நடுங்குதும்மா. இங்க இருக்குற எல்லாருக்கும் நடுங்குது. நடுங்கினா நடுங்கட்டும். இப்ப டவர் சார் சொல்லித் தருவாரு, அதக் கேளு." ஒலிவாங்கியைக் கோபுர அதிகாரியிடம் நீட்டியபோது, தங்கள் விரல்களைப் பிரித்துத்தான் அவர் அதை எடுக்க வேண்டியிருந்தது.

வேகம், உயரம், சக்கரம், இறக்கை மடிப்பு என்று அவர் ஒவ்வொன்றாய்ச் சொல்ல, கீச்சு ஒவ்வொன்றாய்த் திருப்பிச் சொன்னார். முதல் முறை மிக உயரத்தில் வந்து ஓடுபாதையைத் தாண்டிப் போனது விமானம். விமானக் கொட்டகை வாசலில் நின்ற பொறிவினைஞர்களில் ஒருவர் தீயணைப்புக் குழாயை எடுக்க ஓடினார். இரண்டாம் முறை தரையை அறைந்து, துள்ளி, மறுபடி அறைந்து, புல்வெளிக்குள் சாய்ந்து ஓடி நின்றது. தாங்கள் அதற்குள் படியிறங்கி நோயாளர் வண்டியில் இருந்தீர்கள்.

மீசைக்கு வண்டியில் நினைவு திரும்பியது. இதயத் துடிப்பு இடையிடையே நின்று நின்று ஓடுகிறது என்பதைத் தாங்கள் அதற்குள் கண்டுபிடித்திருந்தீர்கள். அவர் விழித்ததும் முதலில் கேட்டது, "பொண்ணு?" அடுத்துக் கேட்டது, "அலவன்ஸ் போச்சா?"

"பொண்ணு நல்லா இருக்கா. உங்க உயிரும் இருக்கு. இப்போதைக்கு அத வெச்சிக்குங்க" என்றீர்கள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதைச் செவிலியர் பார்த்தார்.

ஐயா என்று நாங்கள் மதிக்கும் அன்றைய தளபதி, நல்லெண்ணத்தோடுதான், தங்கள் அறைக்கு வந்தார். "வெயில் மயக்கம்னு எழுதிட்டாக் கொஞ்ச நாள்ல ஏறிடுவாரு. குடும்பத்த யோசிங்க டாக்டர்."

"குடும்பத்த யோசிச்சுத்தான் சார் எழுத முடியாதுங்கறேன்."

தாங்கள் உண்மையை எழுதினீர்கள். படி நின்றது. மீசையின் குடும்பம் சிறிய வீட்டுக்கு மாறியது. கணக்கு ஆசிரியை மாலையிலும் பாடம் எடுக்கத் தொடங்கினார். அவர் தங்கள் அறைக்கு மறுபடி வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்ததாகத் தாங்களே சொல்லியிருக்கிறீர்கள். "இப்பல்லாம் போன் அடிச்சா எடுக்கறேன் டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம்.

அதோடு நிறுத்தியிருந்தால் தாங்கள் கடமை தவறாத மருத்துவர். ஆனால் அந்த நீள இருக்கை முன்னைவிடக் காலியாயிற்று. மீசையின் கதியைப் பார்த்தவர்கள் இன்னும் இறுக்கமாக வாயைப் பூட்டிக்கொண்டார்கள். அடுத்து விழப்போகிறவர் யார் என்று தெரியாமல், நாள்தோறும் தாங்கள் சன்னலோரம் நின்று ஒவ்வொரு விமானமும் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

சம்பள விதிகளின் குறை கேட்கும் குழு எங்கள் பள்ளிக்கு வந்தபோது, பேசுவோர் வரிசையில் தங்கள் பெயர் இல்லை. தாங்கள் கீச்சுவை அழைத்துக்கொண்டு நேரே உள்ளே போனீர்கள்.

"நீங்க மருத்துவர். சம்பளம் உங்க வேலை இல்லையே?" என்றார் குழுத்தலைவர்.

"இல்லதான். ஆனா உங்க விதி வந்ததுலருந்து எங்கிட்ட யாரும் நெசம் சொல்றதில்ல. நோயச் சொன்னாக் காசு போகும், மறைச்சா உயிர் போகும். காசு இந்த மாசமே போகுது. உயிர் போனாப் போகலாம், போகாமலும் இருக்கலாம். மனுஷன் எதத் தேர்ந்தெடுப்பான் சார்? நீங்களா இருந்தா?"

குழுத்தலைவர் கீச்சுவைப் பார்த்தார். கீச்சு ஓரடி முன்வந்து சொன்னார்: "சார் எம்மேல சாஞ்சப்ப எனக்கு அவரு மேல கோவமே வரல. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நானும் மறைச்சிடுவேன். அத நெனச்சாத்தான் பயமா இருக்கு."

விதி மாறியது, பாதி மாறியது. தாமாக முன்வந்து நோயைச் சொல்பவருக்குச் சிகிச்சைக் காலம் முழுதும் படி உண்டு. அக்காலம் ஓய்வூதியத்திலும் சேரும். முன்பே தரையில் நிறுத்தப்பட்டவருக்குப் பொருந்தாது என்றார்கள். மீசைக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் இன்று தரையிலேயே பறப்பைப் பழக்கும் பாவனை விமானக் கூடத்தில் பயிற்சி தருகிறார். இதயத்தில் சிறு கருவி, முகத்தில் பழைய மீசை. தங்களுக்கோ இருமுறை வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. காரணம் எங்கும் எழுதப்படவில்லை; எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நீள இருக்கை மெல்ல நிறைந்தது. முதலில் சளி வந்தது, பிறகு முதுகுவலி, பிறகு, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, தூக்கம் வரவில்லை என்றவர்கள். தாங்கள் எல்லோரையும் கேட்டீர்கள். சிலரைத் தரையில் நிறுத்தினீர்கள். அதன் பின் இந்தப் பள்ளியிலிருந்து மேலே போன விமானி எவரும் திரும்பாமல் இருந்ததில்லை.

இன்று தாங்கள் போகிறீர்கள். புதிய சீராய்வு வருகிறது என்கிறார்கள். மருத்துவப் பிரிவையே வெளியாரிடம் ஒப்படைப்பார்கள் என்கிறார்கள். எங்களைக் காத்த விதி நிலைக்குமா, அடுத்து வருபவர் எங்கள் பொய்யைக் கண்டுபிடிப்பாரா, கண்டுபிடித்தாலும் மேலிடத்தை நம்பவைக்கப் போராடுவாரா என்று எதுவும் எங்களுக்குத் தெரியாது. விழா மேடையில் இதைச் சொல்வது முறையன்று. ஆனால் அச்சத்தை மறைக்காதே என்பதைத்தான் எங்களுக்குத் தாங்கள் வாழ்ந்து காட்டினீர்கள்.

அச்சேறிச் சட்டகத்துக்குள் போகும் முன் கையால் எழுதிச் சேர்த்த வரிகள் இவை. மடலை வாசித்துக்கொண்டிருக்கும் இந்தக் கீச்சுக் குரல், இன்று எங்கள் மூத்த பயிற்றுநரின் குரல். இன்று காலை, தாங்கள் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, அவர் கதவைத் தட்டி வந்து, சில நாட்களாக இடக்கண்ணில் எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்று சொன்னார். தாங்கள் எடுத்துவைத்த விளக்கை மறுபடி பெட்டியிலிருந்து எடுத்தீர்கள், பார்த்தீர்கள், கடைசிக் கையெழுத்தை இட்டீர்கள். நாளை அவர் பறக்கவில்லை. மறுபடி எப்போது என்று தங்களுக்கும் தெரியவில்லை. அதனால்தான் வாசிக்கும் குரல் இப்போது இடறுகிறது, பொறுத்தருள்க. ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை, அம்மா. அவராகவே வந்து சொன்னார்.

நோயற்ற உடலும் நடுக்கமற்ற உறக்கமும் தங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும். எந்திரச் சத்தம் கேட்டால் எண்ணிப் பார்க்காமல் திரும்பிப் படுக்கும் காலைகள் தங்களுக்கு ஏராளமாய் வரட்டும்.

தங்கள் கையெழுத்தால் உயிரோடிருக்கும்,
பயிற்றுநர்கள், பயிற்சி விமானிகள், கோபுரப் பணியாளர்கள், பொறிவினைஞர்கள், மருத்துவப் பிரிவினர்,
கூடவே ஒரு கணக்கு ஆசிரியை.