ஜன்னல் தொட்டிக்குச் செம்மண் ஆகாது

ஜன்னலில் தொட்டி வைத்துச் செடி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் மண்ணில்தான் கோட்டை விடுகிறார்கள், சார். செம்மண்ணை அப்படியே கொட்டி நிரப்பிவிடுவார்கள். அது தண்ணீர் குடித்தால் கல்லாகக் கனக்கும். உடுமலைப்பேட்டையிலிருந்து வரும் தென்னைநார்க் கழிவைப் பாதிக்குப் பாதி கலந்தால் தொட்டி லேசாக இருக்கும், ஈரமும் நிற்கும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் வேறு உப்பு. ஊற்றினால் இலை ஓரமெல்லாம் கருகிவிடும். அதனால் செடிக்கும் நான் குடிதண்ணீர்தான் விட்டேன். என் மகள் ஆசைப்பட்டுக் கேட்ட செடிகள் அவை.

மதுமதி எனக்கு ஒரே பிள்ளை. தாய் இல்லாமல் வளர்ந்தவள். படிப்பை முடித்துவிட்டு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலைக்குப் போனாள். அங்கே டெய்லராக இருந்த சீனிச்சாமியோடு பழக்கமாகிவிட்டது. தேனிப் பக்கத்துப் பையன். விசாரித்தேன். குடி கிடையாது, ஊதாரித்தனம் கிடையாது. நல்ல பையன்தான். எங்கள் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நான் கை ஓங்கவில்லை, சத்தம் போடவும் இல்லை. வேலையை நிறுத்தினேன். போனை வாங்கி பீரோவில் வைத்தேன். நெருப்பெரிச்சல் பகுதியில் இருக்கும் என் நிட்டிங் யூனிட்டுக்குக் கிளம்பும்போது அவள் அறையை வெளியே பூட்டிக்கொண்டு போவேன். இரண்டாவது மாடி, நல்ல காற்று வரும் அறை. கொஞ்ச நாள் கழித்து, ஜன்னலில் செடி வைத்துத் தரச் சொன்னாள். மனசு மாறுகிறது என்று நினைத்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஆளை வைத்துச் செய்தால் அரைகுறையாகச் செய்வார்கள் என்று நானே மாட்டினேன். சுவரில் இரும்பு ஆங்கிள், அதன்மேல் தகரத் தொட்டி, நான்கு மூலைக்கும் போல்ட். தண்ணீர் வடிய அடியில் ஓட்டை. கம்பிக்கு வெளியே தொட்டி நின்றாலும், கை விட்டு மண்ணைக் கொத்திவிடலாம். சங்குப்பூக் கொடி போட்டாள். அதை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்ட, யூனிட்டிலிருந்து பனியன் துணி வேஸ்ட் கொண்டுவந்து கொடுத்தேன். திருப்பூரில் செடி கட்டக் கயிறு வாங்குபவர் யார்? துணி இழுத்தால் நீளும், தண்டை அறுக்காது.

சில வாரம் கழித்துத்தான் கவனித்தேன். நான் வீட்டில் இருக்கும் நாளில் வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். யூனிட்டுக்குப் போகும் நாளில் சிவப்பு. முப்பது வருடம், ஊசி பழுதானால் துணியில் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்த கண் இது, சார். ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் விடாது. ஒரு நாள் பாதி வழியில் திரும்பி வந்து பார்த்தேன். பின்பக்கச் சந்தில், ஜன்னலுக்கு நேர் கீழே, அவன் அண்ணாந்து நின்று பேசிக்கொண்டிருந்தான். அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

அவளை உடுமலைப்பேட்டையில் என் தங்கை வீட்டுக்கு ஒரு வளைகாப்புக்கு அனுப்பினேன். போகும்போது வெள்ளைத் துணி கட்டிவிட்டுத்தான் போனாள். நான் தொட்டியில் இருந்ததை எல்லாம் அள்ளிவிட்டுச் செம்மண்ணை நிரப்பிச் செடியைத் திரும்ப நட்டேன். தளும்பத் தளும்பத் தண்ணீர் விட்டேன். நான்கு போல்ட்டையும் கழற்றினேன். ஆங்கிள்மேல் மெஷின் எண்ணெய் தடவினேன். கடைசியாக வெள்ளையை அவிழ்த்துச் சிவப்பைக் கட்டினேன்.

மத்தியானம் வந்தான். கையில் கவரோடு ஒரு ரோஜாச் செடி வைத்திருந்தான். "மது, ஒனக்குத்தான் கொண்டாந்தேன்" என்றான். நான் கம்பி வழியாக ஒரு இரும்புக் குழாயை விட்டுத் தொட்டியை நெம்பினேன். அதிகம் பலம் தேவைப்படவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஓட்ட, அவனை மடியில் போட்டு என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. மறுநாள் அவன் தாய் பாண்டியம்மாள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எம் பிள்ளைய மடியில போட்டுக் கொண்டுபோனீகளாமே, சாமி. நீங்க நல்லா இருக்கணும்" என்றார். அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். தொட்டி விழுந்த விபத்து என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நீங்களும் சேர்த்து. அந்த ரோஜாவை இன்னொரு ஜன்னல் தொட்டியில் நட்டுவைத்தேன். ஒட்டுச்செடி, வீணாக்க மனம் வரவில்லை.

மதுமதி ஊரிலிருந்து வந்து அறைக்குள் போனாள். தொட்டி விழுந்தபோது கொடி அறுந்துபோயிருந்தது, ஆனால் சிவப்புத் துணி கம்பியிலேயே இருந்தது. அவள் எப்போதும், இழுத்தால் அவிழும் பூ முடிச்சுப் போடுவாள். இது நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் போடும் முடிச்சு. சின்னதாக, இறுக்கமாக, அவிழ்க்கவே முடியாதபடி இருக்கும். என் விரல் அதைத் தவிர வேறு முடிச்சுப் போட்டுப் பழகவில்லை. அதை நான் யோசிக்கவே இல்லை.

"ஏனுங்கப்பா, இது நீங்க கட்டுனதுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா கண்ணு, கொடி சரிஞ்சுது" என்றேன்.

அவள் அழவில்லை. சாப்பிடச் சொன்னேன், சாப்பிட்டாள். இனிப் பூட்டத் தேவையில்லை என்று அன்றைக்கு அறையைத் திறந்தே விட்டேன். காலையில் ஆளும் இல்லை, துணியும் இல்லை. கம்பியிலிருந்து முடிச்சு குலையாமல் கத்தரித்து உங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள். பொறுமையான பிள்ளை.

அதனால் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. செய்தவன் நான்தான். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளை ஏதோ விடுதியில் வைத்திருப்பதாகவும், என்னைப் பார்க்கவே மாட்டேன் என்று சொல்வதாகவும் சொன்னீர்கள். சின்னப் பெண், கோபத்தில் சொல்லியிருப்பாள். அந்த ஜன்னலுக்குப் புதுத் தொட்டி செய்யச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன், வீட்டுச் சாவியும் பக்கத்து வீட்டில் இருக்கிறது. அவள் வந்துவிடுவாள், சார். என்னை விட்டால் அவளுக்கு இனி யார் இருக்கிறார்கள்?