ருஃபினோவின் நுரையீரலை அகற்றிய அன்று

என் பெயர் லிகாயா மகலோனா. வயது ஐம்பத்தொன்று. நவோதாஸ் மீன்பிடித் துறைமுகத்தின் பின்புறக் குடியிருப்பில் வசிக்கிறேன். இறந்துபோன ருஃபினோ என் கணவர். துறைமுகத்தில் மீன் ஏலம் விட்டு வந்தார். வாங்குபவர்கள் மற்றவர்களுக்குக் கேட்காதபடி விலையை அவர் காதில் கிசுகிசுப்பார்கள்; அதிகம் சொன்னவருக்கு மீனைக் கொடுப்பார்.

சென்ற மழைக்காலத்தில் அவருக்கு இருமலில் ரத்தம் வந்தது. டாக்டர் எவரிஸ்டோ பரிசோதித்து, இடது நுரையீரலில் புற்றுக்கட்டி இருப்பதாகவும் அதை முழுவதும் அகற்ற வேண்டும் என்றும் சொன்னார். மூச்சுக்குழாயையும் ரத்தக்குழாய்களையும் ஸ்டேப்ளர் கருவியால் அடைத்து வெட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று விளக்கினார். அதற்கு என் கணவர், "நான் என்ன ஆபீஸ் காகிதமா, பின் அடிக்கிறதுக்கு? நூலாலயே தைங்க டாக்டர்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு, யோசித்துச் சொல்லும்படி கூறினார். வீட்டுக்கு வந்த பிறகு மனுஷன் கை நடுங்கும், மெஷின் நடுங்காது என்று நான்தான் வற்புறுத்தினேன். "சரி விடு, என் வேலைக்குக் காதுதான் முக்கியம், ஒத்த நுரையீரல் போதும்" என்று ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு ஆபரேஷன் அன்று காலை அவரை உள்ளே கொண்டுபோனார்கள். அவருடைய செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே காத்திருந்தேன். மதியத்துக்கு மேல் டாக்டர் மட்டும் வந்தார். கைகளைக் கழுவியிருந்தார். காலுறையில் ரத்தம் இருந்தது. என் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்து, "அம்மா, அவரைக் காப்பாத்த முடியல. மெஷின் மேல தப்பில்ல. நான் பிடிச்ச இடத்துல ரத்தக்குழாய் தடிச்சிருந்தது, பின் நிக்கல. அங்க கையால தைச்சிருக்கணும். நான் தைக்கல" என்றார். அப்போது அருகில் வேறு யாரும் இல்லை.

அதன் பிறகு என் கொழுந்தன் டெல்ஃபின் மருத்துவமனை மீது புகார் கொடுத்தார். அதன் பிறகு மருத்துவமனை வக்கீல் என் வீட்டுக்கு வந்து, கருவி பழுதாகிவிட்டது, டாக்டர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்தால் எல்லோருக்கும் நல்லது என்றார். நான் மறுத்துவிட்டேன்.

என் கணவரை வற்புறுத்தியதற்காக வருந்துகிறேன். என்னிடம் ஒளிக்காமல் பேசியவர் அந்த டாக்டர் ஒருவர்தான். நான் இப்போது சொல்வதால் அவருடைய வேலை போகும் என்று தெரியும். அதற்காகவும் வருந்துகிறேன். ஆனால் அவர் சொன்னார், நான் கேட்டேன்.

அந்தப் புகாரின் விசாரணைக்காக இவ்வளவும் நானாகச் சொன்னது. வாசித்துக் காட்டக் கேட்டேன், மாற்றமில்லை.

(ஒப்பம்) லிகாயா மகலோனா