வக்கீல் எதுக்குப்பா?

லிஃப்ட் நின்றுபோனால் ஜனங்கள் முதலில் செய்வது, பொத்தானை மறுபடி மறுபடி அமுக்குவது. பிறகு காத்திருப்பார்கள். லிஃப்ட் மெக்கானிக்காக நான் தினமும் பார்ப்பது இது. அப்பாவுக்கு மட்டும் காத்திருக்க வராது.

உயில் எழுத வேண்டும் என்று தோன்றியதும் அவர் வக்கீலைத்தான் தேடினார். "வீட்டோட முடியுற விஷயத்துக்கு வக்கீல் எதுக்குப்பா? ஊரைக் கூட்டணுமா?" என்றேன். அவருக்கும் நியாயமாகப் பட்டது. நான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். வீடு மகளுக்கு, மீதியெல்லாம் மகனுக்கு. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் அவரைப் பார்த்துக்கொண்டவள் என் தங்கை. நான் முகம் சுளிக்கவில்லை. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் போட்டார். "இன்னொண்ணு நீயே போட்டுடும்மா" என்று தங்கையிடம் பேனாவை நீட்டினேன். போட்டாள்.

சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த உயிலில் ஒரு செங்கல்கூடச் சேராது. இங்கே சட்டம் அப்படி. அவளுக்குச் சேராத வீடு 'மீதி'க்குள் வந்துவிடும். நான் முன்னாடியே ஒரு வக்கீலிடம் போய்க் கேட்டு வைத்திருந்தேன்.

நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் யாரோ அப்பாவின் காதில் போட்டுவிட்டார்கள். போன் செய்தார்.

"அவ போட்ட கையெழுத்தே அவளுக்கு ஆப்பு வைக்குமாம்டா. உனக்குத் தெரியுமா?"

"தெரியாதேப்பா."

"வியாழக்கிழமை வக்கீலைப் பாக்கப் போறோம். நீ வேலை பாக்குற கட்டடம்தான், நாலாவது மாடி. லிஃப்ட் ஓடுதுல்ல?" என்றார்.

"ஓடுதுப்பா."

அன்றைக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவர் படி ஏறவே கூடாது என்று இதய டாக்டர் சொன்னபோது பக்கத்தில் இருந்தவன் நான். வியாழக்கிழமை காலையில் மெயின் சுவிட்சை அணைத்து, கீழே 'பழுது' என்று பலகை மாட்டிவிட்டு, மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போனேன். படிக்கட்டில் பேசினால் அங்கே கேட்கும்.

"இன்னொரு நாள் வரலாம்ப்பா."

"இன்னைக்கு விட்டா உனக்கு வீடு இல்லம்மா. கையைப் பிடி."

மூன்றாவது மாடித் திருப்பத்தில் காலடிச் சத்தம் நின்றது. தங்கை கத்தினாள். என் போன் அதிர்ந்தது, அவள்தான். கையெல்லாம் கிரீஸ், எடுக்கவில்லை. அவள் யாரையும் கூப்பிடாமல் வெறுமனே அழ ஆரம்பித்த பிறகு சுவிட்சைப் போட்டேன். அந்தத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் வளையாது, லிஃப்ட் வேண்டும்.

அரை மணி நேரத்துக்கு மட்டும் எப்படிப் பழுதாகும் என்று அந்த நாலாவது மாடி வக்கீல்தான் உங்களிடம் கேட்டிருப்பார், இன்ஸ்பெக்டர். நல்ல கேள்வி. பழுது எதுவும் இல்லை; நான்தான் நிறுத்தினேன்.

தங்கையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். யார் எதை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள். வீடு அவள் பெயரில் இருந்திருந்தால் எவனாவது ஏமாற்றிப் பிடுங்கியிருப்பான். கூடப் பிறந்தவன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா, சொல்லுங்கள்.