விசையைப் பார்க்கக் கூடாது

மல்லிகைப்பூ மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது, பாஸ்கல் சார். ரோஸ்மேரி எப்படித் தோற்றாள் என்றுதானே கேட்டீர்கள், அங்கேதான் வருகிறேன். கொண்டையிலிருந்து உதிரும் பூ டைப்ரைட்டருக்குள் விழுந்து அழுகும், அவ்வளவுதான். அதனால்தான் நம் இன்ஸ்டிட்யூட் சுவரில் பூ வைத்து வரக் கூடாது என்று எழுதிப் போட்டேன். கை கழுவாமல் தொடக் கூடாது, சிரிக்கக் கூடாது, டைப் அடிக்கும்போது விசையைப் பார்க்கக் கூடாது, பார்த்து அடிக்கிற தாளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. எல்லாமே பிள்ளைகளின் நன்மைக்கு. முதலாளி நீங்களே பாராட்டியிருக்கிறீர்கள்.

ரோஸ்மேரியை எனக்குப் பிடிக்கும். கையைத் துணியால் மூடிவிட்டாலும் ஓட்டில் மழை பெய்கிற மாதிரி அடிப்பாள். பரீட்சை தேறினால் மதுரையில் ஆபீஸ் வேலை. தேறாவிட்டால் அய்யலூர்ச் சந்தையில் ஆட்டு வியாபாரம் பண்ணும் மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார்.

"அவரு என்னையும் பல்லப் பிடிச்சுப் பாத்துத்தான் தாலி கட்டுவாரு, டீச்சர்" என்பாள். வகுப்பே சிரிக்கும். நான் பொறுத்துக்கொள்வேன்.

ஒருநாள் அவளே, "எந்நேரமும் எங்களையே அடிக்கச் சொல்றீக. நீங்க ஒருக்கா உக்காந்து அடிச்சுக் காட்டுங்களேன், இஞ்ஞாசி டீச்சர்" என்றாள்.

"டீச்சர் நம்மளத்தான் அடிப்பாக. மிஷின அடிக்க மாட்டாக" என்றான் ஜமால் முகமது.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்காணிக்கிறவள் அடிக்க உட்கார்ந்துவிட்டால் கண்காணிப்பது யார் என்று கேட்டேன். நியாயமான கேள்வி. அந்தச் சிரிப்புக்கும் பின்னால் நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எழுத்து தேய்ந்த விசைகளில், சின்னக் காகிதத்தில் எழுதிப் பசை தடவி ஒட்டுவது என் வேலைதானே. பரீட்சைக்கு நம் மிஷின்களை மாட்டுவண்டியில் ஏற்றும் முன், ரோஸ்மேரியின் மிஷினில் நடு வரிசை எழுத்துகள் ஒவ்வொன்றையும் ஒரு விசை வலப்பக்கம் தள்ளி ஒட்டினேன். பார்க்காமல் அடிப்பவளுக்கு அதனால் என்ன கேடு?

மிஷின்களோடு நானும் பரீட்சை ஹாலுக்குப் போயிருந்தேன். அங்கே கையை மூடத் துணி கிடையாது. மணி அடிக்கும் முன், விரலை வைக்க அவள் ஒரே ஒருதரம் குனிந்து பார்த்தாள். பயத்தில் எல்லோரும் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பார்த்த இடத்தில் விரலை வைத்தாள். அப்புறம், நான் சொல்லிக்கொடுத்தபடியே, முடிகிறவரை வினாத்தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடித்த எழுத்தெல்லாம் பக்கத்து எழுத்தாக விழுந்துகொண்டே போனது. விதியை இவ்வளவு அழகாகக் கடைப்பிடித்த பிள்ளையை நான் கண்டதில்லை. பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் கல்யாணத்துக்கும் போனேன். தலை நிறைய மல்லிகை. அங்கே யார் தடுக்கப் போகிறார்கள்?

"எங்க தப்புப் பண்ணுனேன், டீச்சர்? எம்புட்டு யோசிச்சும் வெளங்கல" என்றாள்.

"குனிஞ்சு பாத்துட்டியேம்மா" என்றேன்.

ஆமாம் சார், நான்தான் செய்தேன். ஆனால் பரீட்சை முடிந்து மிஷின் திரும்பி வந்ததுமே எழுத்துகளை உரித்துப் பழையபடி ஒட்டிவிட்டேன். உரித்த காகிதங்கள் மேசையில் கலந்துபோனதால், எது எந்த விசையில் என்று பக்கத்து மிஷினைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒட்டினேன். அது விதியில் சேராது. நான் அடிக்கவில்லையே, சார்.