முக்கால் படி சாமை

எனக்குச் சாமைச் சோறு அவ்வளவாகப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் மேடம். மலையில் பிறந்தவள் இப்படிச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். ஆனால் இந்த இரண்டு மாதத்தில் நான் வாங்கிய சாமையில் ஒரு கல்யாணத்தையே நடத்தியிருக்கலாம். செங்கத்துக் கடைக்காரர் உங்களிடம் சொன்னது நிஜம்தான்.

தை மாதம் ஆலங்காயத்திலிருந்து கடைசி பஸ்ஸில் வந்து இறங்கி, புளியந்தோப்பு வழியாக வீட்டுக்கு நடந்தேன். பஞ்சாட்சரம் என்னைப் பிடித்துக்கொண்டு போனது அங்கேதான். அவருக்கு இருபத்து மூன்று வயது, நூறு வருடமாக அதே வயது. கண்ணமங்கலத்திலிருந்து புளி உலுக்க வந்து, மரத்திலிருந்து விழுந்து செத்து, ரத்தம் குடிப்பவராக எழுந்தவர். இவ்வளவு பக்தியான பெயரை வைத்துக்கொண்டு இந்த வேலையா என்று பின்னால் கிண்டல் செய்வேன். அவருக்கு வெட்கம் வந்துவிடும்.

தோப்புக்குப் பின்னால் இருக்கும் பாழடைந்த கல்வீட்டில் என்னைப் பூட்டி வைத்தார். விட்டுவிடச் சொல்லி அழுதேன்.

"அழாத புள்ள. போவப் போவப் பழகிடும்," என்றார்.

பழகிவிட்டது. என் கையிலிருந்து நாலு வாய் குடிப்பார், அதுவும் கேட்டுவிட்டுத்தான். எங்கள் வீட்டில் என்னைக் கேட்டு எதுவும் நடந்ததில்லை. மாமன் மகன் வெற்றிச்செல்வனுக்கு என்னை நிச்சயம் செய்ததையே நான் அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் கோபத்தில், எனக்குச் சமைக்க அவர் கொண்டுவந்த சாமையை முறத்தோடு வீசினேன். உட்கார்ந்து ஒவ்வொரு மணியாக எண்ண ஆரம்பித்துவிட்டார். சிந்திய தானியத்தை எண்ணி முடிக்காமல் அந்த இனத்தால் எழுந்திருக்க முடியாதாம். சாவி கதவிலேயே இருந்தது. நான் ஓடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கூடவே எண்ணினேன். எனக்கு அவர்மேல் ஆசை வந்தது அன்றைக்குத்தான்.

பங்குனியில் அவரே எல்லாவற்றையும் கெடுத்தார்.

"மூஞ்சி வெளுத்துப்போச்சு. இனிமே குடிச்சா செத்துடுவ. நீ வூட்டுக்குப் போ. நான் மலையெறங்கிப் போய்டுறேன்."

நான் மூட்டையை அவிழ்த்தேன். வாசலில் ஒரு படி சாமையைக் கொட்டினேன்.

அளவு பிடிபடச் சில நாள் ஆனது. புளியங்கொட்டை பத்து நிமிஷம்கூடத் தாங்காது. கேழ்வரகு பாதி ராத்திரிவரை. ஒரு படி சாமை என்றால் எண்ணி முடிப்பதற்கும் விடிவதற்கும் சரியாக இருக்கும். வெயிலுக்குப் பயந்து அலமாரிக்குப் பின்னால் இருக்கும் இருட்டறையில் போய்ப் படுத்துக்கொள்வார். தினமும் பொழுது சாயும்போது ஒரு படி. விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினார்.

"போவப் போவப் பழகிடுங்க," என்றேன்.

ஆனால் என்னைத் தொட மறுத்துவிட்டார். பசியில் வாடினார், பார்க்கவே முடியவில்லை. சித்திரையில் வெற்றிச்செல்வன் என்னைத் தேடி வந்தான். மோர் கொடுத்து, உள்ளே உட்காரவைத்து, அறையைப் பூட்டினேன். அன்று முக்கால் படி மட்டும் சிந்தினேன். விடிய மூன்று மணி நேரம் இருக்கும்போது எண்ணி முடித்தார். மலையிறங்க அந்த நேரம் போதாது. சாப்பிடப் போதும்.

போன வாரம் ஜெயசுதா வந்தாள். காலேஜில் என்னோடு படித்தவள். "இன்னாடி இப்படி எளைச்சிட்ட?" என்று கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கும் முக்கால் படி. அவளை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. நீங்கள் தோப்பில் கண்டெடுத்த ஸ்கூட்டர் அவளுடையது.

இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். அவர்மேல் பழி வரக்கூடாது. ஆனால் அவரை நான் அடைத்து வைத்திருக்கிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வீட்டு வாசல் கதவு எப்போதும் திறந்துதான் கிடக்கிறது. அவர் இஷ்டப்பட்டுத்தான் என்னோடு இருக்கிறார்.

மணி ஐந்தாகிவிட்டது. வீட்டில் யாருமில்லை என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள், அலமாரியை அவர்கள் நகர்த்திப் பார்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் சாமை சிந்தாவிட்டால் அவர் போய்விடுவார். அங்கே காவலுக்கு இருக்கும் ஏட்டு முனியம்மாவுக்குப் போன் போடுங்கள். மூட்டை அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாசலில் சிந்திவிட்டு அந்த அம்மா உள்ளேயே உட்காரட்டும். ஜெயசுதா ஒல்லி, பாவம், அவருக்கு அரை வயிறுகூட நிறைந்திருக்காது.

முக்கால் படி போதும், மேடம்.