சூடில்லாத நெருப்பு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

"நெருப்புக்கு எதுக்க நின்னேன், சூடே இல்ல" என்று மனைவியிடம் சொன்னார் அவர். கன்னத்தில் பழைய தீக்காயம். மெட்ராஸ் ஆலையில் பாய்லர் வேலையாம்.

"பாய்லருக்குள்ள எரியறதப் பார்க்கக் கேமரா மாட்டினாங்க. எங்க வெக்கிறதுன்னு இன்ஜினியரு என்னைத்தான் கேட்டாரு. நான் தினம் ஏறிப் பார்க்கிற ஓட்டையக் காட்டினேன். மாட்டிட்டு, கீழ ரூமுக்கு வந்தா, கண்ணாடிப் பெட்டில அதே நெருப்பு எரியுது. சட்டுனு கையால மூஞ்ச மூடிக்கினேன்."

"இனிமே நீங்க மேல ஏற வேணாமா?"

"வேணாம். நாற்காலில குந்திக்கினு பார்த்தா போதும்."

அந்த அம்மாள் அவர் கன்னத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்:

"உங்க மூஞ்சியச் சுட்ட நெருப்ப நானும் ஒரு தடவ பார்க்கணுங்க."